எரிகோ வழியில் இறையியல் மாணவர்: ஓர் உளவியல் சோதனையும் நமது பயிற்சியும்

மனித உள்ளத்தைப் பற்றிய அறிவை நாம் இரு வழிகளில் பெறுகிறோம். நெடுநாள் பட்டறிவினாலும் சிந்தனையினாலும் பெறுவது ஒன்று. ஒரு சூழ்நிலையைத் திட்டமிட்டு அமைத்து, அதில் ஒரு கூற்றை மட்டும் மாற்றி, அம்மாற்றத்தினால் மனிதரின் நடத்தை எவ்வாறு மாறுகிறது என்று எண்ணிக் கணக்கிடுவது மற்றொன்று. இரண்டாவதையே சோதனைமுறை ஆய்வு என்கிறோம். உளவியலும் கல்வியியலும் இன்று பெரிதும் இம்முறையையே சார்ந்து நிற்கின்றன.

இத்தகைய ஆய்வுகளைத் திருப்பணியாளர் இரு விதமாக எதிர்கொள்வதைக் காண்கிறோம். ஆவிக்குரியதை அளவுகோல் கொண்டு அளக்க இயலாது என்று சிலர் முற்றிலும் ஒதுக்கிவிடுகின்றனர். அருளுரைக்கு உதவும் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகின்றனர் வேறு சிலர். இரண்டும் முறையன்று. நமக்கு மிகவும் நெருங்கிய ஒரு சோதனையை எடுத்து, அது அமைந்த விதத்தையும், கண்ட முடிவையும், அம்முடிவின் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நெருங்கியது என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் சோதிக்கப்பட்டவர்கள் இறையியல் மாணவர்களே.

1. பின்னணி

அமெரிக்க நாட்டின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த ஜான் டார்லி, துன்பத்திலிருப்பவருக்கு மனிதர் உதவுவதும் உதவாதிருப்பதும் ஏன் என்பதை ஆராய்ந்து வந்தார். அவரும் பிப் லத்தானே என்பவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வொன்று, உதவக்கூடியவர் பலர் இருப்பதாக எண்ணும்போது ஒவ்வொருவரும் உதவ முன்வருவது குறைகிறது என்று காட்டியது. டார்லியிடம் உளவியல் பயின்ற டேனியல் பாட்சன், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியிலும் முனைவர் பட்டம் பெற்றவர். இவ்விருவரும் சேர்ந்து லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமையை ஓர் ஆய்வாளரின் கண்கொண்டு வாசித்தனர்.

ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றதற்கும் சமாரியன் நின்றதற்கும் காரணம் என்ன? உவமையிலிருந்து அவர்கள் மூன்று கருதுகோள்களை வகுத்தனர். முதலாவது, சமயச் சிந்தனையில் மூழ்கியிருப்பது மட்டும் ஒருவரை உதவச் செய்வதில்லை. இரண்டாவது, பொறுப்பும் பணிகளும் மிகுந்தவர் விரைந்து செல்பவர். விரைபவர் நிற்பது அரிது. மூன்றாவது, ஒருவருடைய சமயப்பற்று எத்தகையது என்பது அவருடைய உதவியைப் பாதிக்கும்.

2. சோதனை அமைந்த விதம்

1970-ஆம் ஆண்டு டிசம்பர் 14 முதல் 16 வரை மூன்று நாள்கள் இச்சோதனை நடைபெற்றது. இறுதிக் கணக்கில் இடம்பெற்றோர் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர். அவர்களுடைய சமயப்பற்றின் தன்மையை அறிவதற்கான வினாத்தாள்களை முன்னதாகவே நிரப்பியிருந்தனர். சோதனை நாளன்று ஒவ்வொருவராக வரவழைக்கப்பட்டு, ஒரு சிறு உரையாற்றுமாறு கேட்கப்பட்டனர். ஒரு சாராருக்குக் கொடுக்கப்பட்ட பொருள், இறையியல் மாணவர் எத்தகைய பணிகளில் சிறந்து விளங்குவர் என்பது. மற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நல்ல சமாரியன் உவமையே. உரை அடுத்த கட்டடத்தில் ஒலிப்பதிவு செய்யப்படும் என்று சொல்லி வழியும் காட்டினர்.

புறப்படும்போது மாணவருக்குச் சொல்லப்பட்ட சொற்கள் மூன்று வகையாக அமைந்தன. சிலருக்கு, நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது, அங்கே காத்திருக்கின்றனர், விரைந்து செல்லவேண்டும் என்று சொல்லப்பட்டது. சிலருக்கு, எல்லாம் ஆயத்தமாக உள்ளது, உடனே செல்லலாம் என்று சொல்லப்பட்டது. சிலருக்கு, இன்னும் சில நிமிடங்கள் ஆகும், ஆயினும் இப்பொழுதே புறப்படலாம் என்று சொல்லப்பட்டது.

இரு கட்டடங்களுக்கும் இடையே ஒரு சந்து இருந்தது. அங்கே ஒரு வாயிற்படியில் ஒருவர் தலைகுனிந்து, கண்களை மூடி, அசைவின்றிச் சாய்ந்திருந்தார். மாணவர் கடக்கும்போது இருமுறை இருமி முனகினார். இவர் ஆய்வாளரால் அமர்த்தப்பட்டவர். கடந்து செல்பவர் எந்தப் பொருளில் பேசப் போகிறார், விரைவுபடுத்தப்பட்டவரா என்பது இவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதை 0 முதல் 5 வரை மதிப்பிட்டார். அவரைக் கவனியாமலே சென்றால் 0. நில்லாமற் சென்றாலும் பிறரிடம் தெரிவித்தால் 2. நின்று விசாரித்தால் 3. அவரை விட்டு அகல மறுத்தால் 5.

இங்கே சோதனை முறையின் இலக்கணத்தைக் கவனிக்கவேண்டும். ஆய்வாளர் தம் விருப்பப்படி மாற்றியவை இரண்டு: உரையின் பொருள், விரைவின் அளவு. இவற்றைச் சாரா மாறிகள் என்பர். அளக்கப்பட்டது உதவி, இது சார்பு மாறி. வழியும் ஒன்றே, துன்புறுபவரும் ஒருவரே. ஆகவே பிரிவுகளுக்கிடையே காணும் பெரிய வேறுபாட்டிற்குக் காரணம் மாற்றப்பட்ட கூற்றே என்று கொள்ள இடமுண்டு. வெறும் கவனிப்பினால் இத்தகைய தெளிவைப் பெற இயலாது.

3. கண்ட முடிவுகள்

நாற்பதின்மரில் ஏதேனும் ஒரு வகையில் உதவியவர் 16 பேர். விரைவு இல்லாதிருந்த 8 பேரில் 5 பேர் உதவினர். இது 63 விழுக்காடு. நடுத்தர விரைவில் இருந்த 22 பேரில் 10 பேர் உதவினர். இது 45 விழுக்காடு. மிக்க விரைவில் இருந்த 10 பேரில் உதவியவர் ஒருவரே.

உரையின் பொருளைப் பொறுத்தவரை, சமாரியன் உவமையைப் பற்றிப் பேசச் சென்ற 19 பேரில் 10 பேரும், பணிகளைப் பற்றிப் பேசச் சென்ற 21 பேரில் 6 பேரும் உதவினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே ஆய்வாளரின் கணக்கு. உவமையைப் பற்றிப் பேச விரைந்தவர்களில் சிலர் அம்மனிதரைத் தாண்டியே சென்றனர் என்றும் அவர்கள் குறித்துள்ளனர். சமயப்பற்றின் வகையோ, யார் நிற்பார் என்பதைக் காட்டவில்லை. நின்றவர்களிடையே மட்டும் அது ஒரு வேறுபாட்டைக் காட்டியது. சமயத்தைத் தேடலாகக் கருதியவர், துன்புறுபவர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்ப நடந்தனர். கோட்பாட்டில் உறுதி மிக்கவரோ, தமக்கு எது வேண்டாம் என்று அவர் சொன்ன பின்னரும் தாம் எண்ணிய உதவியையே வற்புறுத்த முற்பட்டனர்.

4. முடிவுகளை வாசிக்கும் முறை

1973-இல் வெளியான இவ்வாய்வு பல மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. இறையியல் மாணவர் கபடர் என்று மெய்ப்பிக்கப்பட்டதாகவும் அதைச் சொல்வதுண்டு. ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. இதில் மூன்று காரியங்களை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை சிறிது. மிக்க விரைவில் இருந்தவர் பத்துப் பேரே. அவர்களும் ஒரே கல்லூரியினர். அப்பத்துப் பேரைக் கொண்டு உலகெங்குமுள்ள ஊழியரை நியாயந்தீர்த்தல் தகாது. இரண்டாவது, உவமையைச் சிந்திப்பது பயனற்றது என்று ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. பயன் உண்டு என்று உறுதிசெய்ய இயலவில்லை என்பதே உண்மை. 1975-இல் ஆன்டனி கிரீன்வால்ட் இதே எண்களை வேறொரு கணக்கு முறையில் ஆராய்ந்து, ஆய்வாளரின் முடிவை ஐயுற்றார். மெய்ப்பிக்கப்படாதது வேறு, பொய்யென்று காட்டப்பட்டது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் எந்த ஆய்வையும் அருளுரை மேடைக்குக் கொண்டுவரலாகாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. நில்லாமற் சென்ற மாணவர் பலர் அடுத்த கட்டடத்தை அடைந்தபோது கலக்கமுற்றிருந்தனர். அவர்கள் இரக்கமற்றவர் அல்லர். இரு கடமைகளுக்கிடையே அகப்பட்டவர். ஒருபுறம் சந்தில் முனகியவர், மறுபுறம் தம்மை நம்பிக் காத்திருந்த ஆய்வாளர். பாட்சனும் உடனாய்வாளரும் 1978-இல் வெளியிட்ட மற்றொரு சோதனை இதற்கு அரண் செய்கிறது. தம் வேலை ஆய்வாளருக்கு அத்துணை இன்றியமையாததன்று என்று அறிந்தவர்கள், விரைவில் இருந்தபோதிலும் பெரும்பாலும் நின்று உதவினர். ஆகவே கால்களை விரைவுபடுத்தியது கடிகாரம் மட்டுமன்று. காத்திருப்பவரை ஏமாற்றலாகாது என்னும் கடமையுணர்வும் ஆகும்.

சோதிக்கப்படுபவருக்கு உண்மையை மறைத்து நடத்தும் ஆய்வு முறையானதா என்ற வினாவும் எழுகிறது. சோதனை முடிந்தபின் மாணவருக்கு எல்லாம் விளக்கப்பட்டது. ஆயினும் தன்னைப் பற்றி அன்று அறிந்துகொண்டதைச் சுமந்து சென்ற மாணவரை நாம் மறந்துவிடக் கூடாது.

5. நமது பயிற்சிக்கு

இறையியல் கல்வியில் நாம் உள்ளடக்கத்தைப் பற்றியே பெரிதும் விவாதிக்கிறோம். எந்தப் பாடம், எத்தனை மணி, எந்த நூல் என்று பாடத்திட்டக் குழுக்கள் கூடுகின்றன. மேற்கண்ட ஆய்வோ வேறொன்றைச் சுட்டுகிறது. உவமையின் பொருளை அறிந்தவரும், நேர அட்டவணை நெருக்கும்போது, அறிந்ததை மறந்தவர்போல் நடக்கக் கூடும். அவ்வாறாயின் நேர அட்டவணையும் ஒரு பாடமே. கட்டுரை ஒப்படைக்கும் நாள், மாலைக் கூட்டம், வாராந்தரப் பணி, தேர்வு என்று இடைவெளியின்றி நிரப்பப்பட்ட மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், எவர் குறுக்கிட்டாலும் கடந்து செல் என்று சொல்லாமற் சொல்லிக் கற்பிக்கின்றன. அப்பாடத்தில் தேர்ச்சி பெற்றவரே பின்னர்ச் சேகரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதைப் பிறரைக் குறித்து மட்டும் எழுதவில்லை. ஆயரின் மேய்ப்புப் பணி பற்றிய வகுப்புக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அறை வாயிலில் வந்து நின்ற மாணவரிடம், “தம்பி, பிறகு வாருங்கள்” என்று சொல்லியனுப்பினோம். அவர் பிறகு வரவில்லை. அந்தப் பருவ முடிவில் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பினார். அன்று வகுப்பில் நாம் சொன்னவை இன்று ஒன்றும் நினைவில் இல்லை. வாயிலில் நின்ற முகம் நினைவில் நிற்கிறது.

செய்யக்கூடியவை எளியவை. ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரத்தையாவது எப்பணிக்கும் ஒதுக்காமல் திறந்து வைக்கலாம். நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதால் கட்டுரையைத் தாமதமாகக் கொண்டுவரும் மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதிருக்கலாம். காத்திருப்பவர் நாமாயிருந்தால், வழியில் தேவை கண்டால் நின்று வரலாம் என்று முன்னதாகவே அனுமதி கொடுக்கலாம். அதிகாரமுடையவர் கொடுக்கும் இவ்வனுமதி, மாணவரின் கடமை முரணைப் பெரிதும் தளர்த்தும் என்பதே 1978-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து நாம் பெறும் படிப்பினை.

பிரின்ஸ்டன் மாணவர் 40 பேருக்கும் அவ்வுவமை தெரிந்தேயிருந்தது. நமக்கும் தெரியும். நம் மாணவரை எந்த வேகத்தில் நடக்கப் பழக்குகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா.