வாலில் இருக்கிறது வம்சம்

கவிதை, நாவல் என்று பேசும் மேடை இது. என் கைக்கு அன்றாடம் வரும் சொற்களோ மாத்திரை அட்டையிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருப்பவை. எனக்குத் தெரிந்த அந்தச் சொற்களைப் பற்றியே பேசுகிறேன்.

மருத்துவ ஆங்கிலத்தின் பெரும்பகுதி கிரேக்கமும் லத்தீனும்தான். துண்டுகளை ஒட்டிச் செய்த சொற்கள் அவை. அதனால் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். கிரேக்கத்தில் அந்த வாலுக்கு 'அதைச் சார்ந்த' என்று மட்டுமே பொருள். 'மூட்டைச் சார்ந்த நோய்' என்பதில் நோய் என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோய், வால் மட்டும் மிஞ்சி நோயைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்கு மூன்று வால்கள் உண்டு. 'ஆட்டமி' என்றால் வெட்டித் திறப்பது. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது. 'ஆஸ்டமி' என்றால் புதிதாக ஒரு வாய் வைப்பது. முதல் இரண்டிலும் இருக்கும் 'டோம்' வெட்டைக் குறிக்கும். அணுவை ஆங்கிலத்தில் 'ஏட்டம்' என்பதும் 'வெட்ட முடியாதது' என்ற பொருளில்தான். மூன்றாவதில் இருப்பது 'ஸ்டோமா', அதாவது வாய். கிறிசோஸ்தோம் என்ற புனிதரின் பெயரிலும் அதே வாய்தான். பொன்வாயர் என்று அர்த்தம். நன்றாகப் பிரசங்கம் செய்வாராம்! ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த வித்தியாசம் பெரிது. கோலெக்டமி என்றால் பெருங்குடலில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பது. கொலாஸ்டமி என்றால் குடலை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து, மலம் பையில் சேரும்படி வழி வைப்பது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். "எடுக்கப் போகிறீர்களா, வாய் வைக்கப் போகிறீர்களா, வைத்தால் அது எத்தனை மாதத்துக்கு?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாலைப் போலத் தலையும் ஏமாற்றும். 'ஹைப்பர்' என்றால் மேலே, 'ஹைப்போ' என்றால் கீழே. ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா என்று இரைச்சலான தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்க்கரை ஏறியவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். இறங்கியவருக்கு உடனே இனிப்பு வேண்டும். அவருக்கு இன்சுலின் போட்டால் உயிரே போகலாம். அதனால் பெயரைச் சொல்லாமல் எண்ணையும் அளவையும் சொல்வது நல்லது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்கு. 70க்குக் கீழே போனால் ஹைப்போ. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோல் கணக்கு. அதில் அது ஏறக்குறைய 4. அங்கே 90 என்பது இங்கே 5. ஊரிலிருக்கும் அக்காவிடம் "எனக்கு 5 இருக்கிறது" என்றால் அவர் பதறத்தான் செய்வார்.

பக்கவாதம் வந்தவர்களின் குறிப்பில் 'டிஸ்ஃபேஜியா', 'டிஸ்ஃபேசியா' இரண்டும் வரும். முன்னது விழுங்குவதில் சிரமம், பின்னது பேச்சில் சிரமம். ஒன்றை மற்றதாக வாசித்து, விழுங்க முடியாதவருக்குக் கஞ்சி கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே பேச்சுக் குறைபாட்டை 'அஃபேசியா' என்று எழுதச் சொல்கிறார்கள்.

மருந்துப் பெயர்களில் வால் தற்செயலாக வருவதில்லை. மருந்தின் பொதுப்பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பட்டியலிட்டு வருகிறது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே வால் வைப்பது அதன் முறை. 'ஓலால்' இதயத் துடிப்பைத் தணிக்கும் வம்சம். 'ஸ்டாடின்' கொழுப்பைக் குறைக்கும். 'பிரில்' பிரஷருக்கு, சிலருக்கு வறட்டு இருமல் தரும். 'டிபின்' என்பதும் பிரஷருக்குத்தான், சிலருக்கு இதில் கணுக்கால் வீங்கும்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அம்மா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். இங்கே டாக்டர் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுகிறார். இரண்டு பெட்டியிலும் கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு. அடியில் சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டுமே அம்லோடிபின். அம்மா பக்தியோடு இரண்டையும் விழுங்குகிறார், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வயசாகிவிட்டது என்று மகன் நினைக்கிறான். தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பைகளில் நான் முதலில் தேடுவது இந்த ஜோடியைத்தான். கண்டால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பெட்டிகளோடு மருந்தாளரிடம் போங்கள்.

ஒத்த எழுத்துகளின் ஆபத்தைக் கம்பெனிகளும் அனுபவித்திருக்கின்றன. அமெரிக்காவில் வயிற்றுப்புண் மருந்து லோசெக், நீர் பிரிக்கும் லாசிக்ஸோடு குழம்பியதால் 1990இல் பிரிலோசெக் ஆனது. மனச்சோர்வுக்கான பிரின்டெல்லிக்ஸ், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பி 2016இல் டிரின்டெல்லிக்ஸ் ஆனது. பொதுப்பெயரை அப்படிச் சுலபமாக மாற்ற முடியாது. ஹைட்ராலசின் பிரஷருக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். தலை ஒன்று, வால் ஒன்று, நடு மட்டும் வேறு. இப்படி வேறுபடும் எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001இல் சொல்லத் தொடங்கியது.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்பெலும்பும் ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்தால்தான் பிரிகின்றன. நாம் எழுதினால் இரண்டும் 'இலியம்'. ஆகவே அம்மாவுக்காக மருந்துப் பெயரைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும்போது, பக்கத்தில் 'பிரஷருக்கு', 'அரிப்புக்கு', 'காலையில் ஒன்று' என்றும் எழுதிவிடுங்கள்.