பனிமலையிற் பொங்கும் பானை

ஐந்திணைகளுள் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். ஏட்டிலே இதனைப் படிக்கும் மாணவர் பலருக்கு அது மனனஞ் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்ற ஒரு வரி. டயகமவில் வாழ்வார்க்கோ அது தோலும் எலும்பும் அறிந்த செய்தி.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என மலையேறிச் செல்லும் பாதை, ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தை அணுகுமிடத்தே டயகமத் தோட்டங்கள் இருக்கின்றன. தை மாதத்து விடியற்காலையில் லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து பனிநீர் சொட்டும். அயலிலுள்ள நுவரெலியாவிலே சனவரி மாதத்தின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 9 பாகை செல்சியசு. சில விடியல்களில் நிலத்தருகே பனி உறைந்து, தேயிலை நுனியில் வெண்பொடியாகப் படியும். வெயில் ஏறியதும் அக்கொழுந்து கருகிப்போகும்.

இக்குளிரின் நடுவேதான் மார்கழி பஜனை லயம் லயமாக வலம் வருகின்றது. கிறிஸ்தவ இல்லங்களில் நத்தார் வருகின்றது. அதன்பின் தைப்பொங்கல் வருகின்றது. கொழும்புக் கடைகளிலும் கட்டடங்களிலும் வேலைசெய்யும் பிள்ளைகள் பேருந்தேறி வீடு திரும்புங் காலமும் இதுவே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றினுள் மூன்று தலைமுறை ஒருங்கு கூடுகின்றது.

ஆனால் இயற்கை இங்கே ஒரு முரணை வைத்திருக்கின்றது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வீசும் வறண்ட குளிர்காற்றிலே தேயிலை மெல்ல வளர்கின்றது. மெல்ல வளர்வதால் அதன் மணமுஞ் சுவையுஞ் செறிகின்றன. டிம்புலைப் பகுதித் தேயிலையின் சிறந்த பருவம் என்று வணிகர் போற்றுவது இதனையே. மெல்ல வளரும் கொழுந்து கூடையில் நிறைகூட்டுவதில்லை. குறித்த கிலோ தேறாத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேராகும்; அதாவது பாதி நாட்கூலிதான் கிட்டும். உலகச் சந்தையில் இம்மலையின் தேயிலை உயர்ந்த விலைக்குப் போகும் அதே காலத்திலேதான், அதனைப் பறித்தவளின் கைப்பணம் சுருங்குகின்றது.

இதனோடு வேறு சுமைகளும் சேர்கின்றன. தீபாவளிக்கு வாங்கிய பண்டிகை முற்பணம் அடுத்து வரும் மாதச் சம்பளங்களிற் கழிகின்றது. சனவரியிலே பள்ளிக்கூடத்துச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கவேண்டும். நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மை. எனினும் அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலே, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டினும் 94.9 வீதம் ஏறியிருந்தது. அன்று ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கி வரவில்லை.

இந்நிலையிலே பண்டிகைக்குச் சுற்றத்தை அழைத்து விருந்திடுவது எங்ஙனம்? கேள்வி சமையலைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் இது மானத்தைப் பற்றிய கேள்வி.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை பார்த்துவந்தான். ஒரு தைப்பொங்கலுக்கு அவன் வீடு வரவில்லை. பின்னர்க் கண்டபோது காரணம் வினவினேன். “சேர், வெறுங்கையோட எப்படி வர்றது? அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி, தங்கச்சிக்குச் சட்டை. எல்லாருக்கும் வாங்கக் காசு பத்தல” என்றான். அவன் தாயாரோ பானையிலே அவனுக்குரிய பங்கை எடுத்து மூடிவைத்து, மறுநாட் கடைசிப் பேருந்து வரும்வரை வழிபார்த்திருந்தவர். மகன் சொன்ன காரணத்தைக் கேட்டதும் அவர் சொன்னார்: “வெறுங்கையா வந்தா என்னாங்க சேர்? அந்தக் கைய அடுப்புல காட்டிச் சூடாக்கி விட்டிருப்பேனே!”

இவ்விருவரில் எவரையும் நான் குறைகூற மாட்டேன். வறுமையினும் கொடியது வறுமையைப் பிறர் காண்பாரே என்னும் கூச்சம். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையிலே நல்லூர் நத்தத்தனார் இதனைக் காட்டியிருக்கின்றார். பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். அயலார் கண்டுவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். அதன்பின் பெருஞ் சுற்றத்தோடு கூடியிருந்து உண்கின்றாள். கதவு அடைபட்டதைப் பலரும் எடுத்துச் சொல்வர். உப்பில்லாத அந்தக் கீரைக்கும் சுற்றம் முழுவதும் ஒருங்கிருந்தது என்பதைச் சொல்வோர் சிலரே. பாணன் வீட்டிலே அயலாருக்குத்தான் கதவு அடைபட்டது. உறவினர் உள்ளே இருந்தனர். நம் காலத்திலே கூச்சம் உறவினரையே வெளியே நிறுத்திவிடுகின்றது.

மலையக மக்களுக்கு இது சிறு செய்தியன்று. பிரிவினால் ஆகிய வரலாறு அவர்களுடையது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். தாயகம் திரும்பியோர்க்கென 1968 முதல் நீலகிரியிலே அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இதே முன்பனியில் இதே பொங்கற்பானையை வைப்போருள் டயகமவின் உறவினர் உண்டு. 1984 இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் போக்குவரத்தும் நின்றது. சட்டத்தாலும் கடலாலும் பிரிக்கப்பட்ட மக்கள், ஒரு சேலைக்கும் ஒரு சட்டைக்கும் அஞ்சித் தாமே பிரிந்திருத்தல் தகுமோ?

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னுள்ளது அன்புடைமை. பின்னுள்ளது இனியவை கூறல். பொருள் செயல்வகையோ வெகு தொலைவிலே, பொருட்பாலிலே கிடக்கின்றது. அன்புக்கும் இன்சொல்லுக்கும் நடுவிலே விருந்து வைக்கப்பட்டிருக்கும் முறையை நாம் சிந்திக்கவேண்டும். விருந்தினரை வாட்டுவது உணவின் குறைவன்று, முகத்தின் திரிபே என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. தொல்காப்பியரோ செய்யுளின் எண்வகை வனப்பினுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயரிட்டார். ஆங்கு அதன் பொருள் புதுமை. ஓராண்டு பிரிந்திருந்து வரும் மகன் சுற்றமும் ஆவான், விருந்தும் ஆவான். வீட்டுக்குப் புதுமை தருவது அவன் வரவேயன்றி அவன் கைப்பை அன்று.

இனி, இக்கருத்தினை நடைமுறையாக்குவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். இதனை நான் நூல்களிலிருந்து கற்றேனல்லேன். லயத்து முற்றங்களிலே கண்டது.

முதலாவது, விருந்தைப் பங்காகப் பிரித்தல். உடன்பிறந்தார் நால்வர் குடும்பங்கள் தனித்தனியே நான்கு பானை வைப்பதை விடுத்து, முற்றத்திலே ஒரு பானை வைக்கின்றனர். ஒருவர் அரிசி, ஒருவர் பயறும் தேங்காயும், ஒருவர் சர்க்கரை, ஒருவர் காய்கறி எனப் பொறுப்பேற்கின்றனர். எல்லார்க்கும் துணியெடுக்க இயலாது நின்றவன் ஒரு கிலோ சர்க்கரை கொண்டுவர இயலாதவனல்லன். இருபது பேருக்கு இனிப்புப் பொங்கலிட ஒரு கிலோ பச்சையரிசியும், கால் கிலோ வறுத்த பயறும், ஒரு கிலோ சர்க்கரையும், இரண்டு தேங்காயின் பாலும் போதும். பகற்சோற்றுக்கு மூன்று கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, இரசம். கோவாச் சுண்டல், போஞ்சிக் கறி, கரட் சம்பல் ஆகியவற்றுக்குரிய காய்கறி லயத்துப் பின்புறத் தோட்டத்திலேயே விளைகின்றது. நுவரெலியாவின் குளிர் கொழுந்தைக் குறைக்கும். கோவாவுக்கும் கரட்டுக்கும் அதுவே உகந்தது.

இரண்டாவது, அடுப்பு. தேயிலை கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து பெண்கள் சுமந்துவந்து அடுக்கும் மிலாறுதான் இங்கே விறகு. ஐயாயிரம் அடி உயரத்திலே நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். பானை விரைவிற் பொங்கினாலும் அரிசியும் பயறும் வேக நேரம் பிடிக்கும். ஆதலால் இரவிலேயே பயற்றை ஊறவைப்பவர் மிலாற்றிலே ஒரு கட்டை மிச்சப்படுத்துவர். நான்கு அடுப்புக்கு வேண்டிய விறகு ஓரடுப்பில் எரிந்தால், சமையல் முடிந்தபின்னும் மாலைவரை அனல் காயலாம். குளிர்காலத்து விருந்திலே அவ்வனலும் ஒரு பதார்த்தம் எனவே கொள்க. முதியோர் பழங்கதை சொல்வதும், பிள்ளைகள் அதனைக் கேட்பதும், இஞ்சி தட்டிய தேநீர் கைமாறுவதும் அதனைச் சுற்றியே நிகழ்கின்றன.

மூன்றாவது, படுக்கை. வந்தவர் அனைவரும் ஒரு காம்பராவிற் படுத்தல் இயலாது. பெண்களும் குழந்தைகளும் உள்ளே. ஆண்கள் இஸ்தோப்பிலும் அடுத்த காம்பராவிலும். “நம்ம வீட்ல ரெண்டு பேரு படுக்கட்டும்” என்று அயல்வீட்டார் கம்பளி விரிக்கும் வழக்கம் இம்மலைகளில் இன்னும் மறையவில்லை. பொங்கலன்று சக்கரைப் பொங்கற் கிண்ணம் கிறிஸ்தவ அயலாருக்குப் போகும். நத்தார் நாளிலே அவர்கள் அனுப்பிய தட்டத்துக்கு அது மறுமொழி.

நான்காவது, முன்கூட்டிய சேமிப்பு. சித்திரையிலே தொடங்கி மாதந்தோறும் சிறுதொகை போடும் சீட்டினைப் பெண்கள் தமக்குள்ளே நடத்துகின்றனர். அது மார்கழிக் கடைசியிற் கைக்கு வருமாறு வைத்துக்கொள்வோர், வட்டிக்காரரின் வாசலை மிதிப்பதில்லை. நகையை அடகுவைத்துக் கொண்டாடும் பண்டிகை, அந்நகை மீளும் வரையில் வீட்டிலே சண்டையாகத் தொடரும்.

விடத்தக்கவை சிலவும் உள. எல்லார்க்கும் புத்தாடை என்னும் கட்டாயத்தை விட்டு, சிறுவர்க்கும் முதியோர்க்கும் மட்டும் எடுக்கலாம். மதுவுக்குச் செல்லும் பணமோ ஒரு பொழுதிலே பானையையும் உடைத்து மனத்தையும் உடைத்துவிடும். அதனைக் கணக்கிலிருந்தே நீக்கவேண்டும். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று வெளிப்படக் கூறும் பழக்கத்தையும் விடுதல் வேண்டும். பங்கு என்பது சுமையைக் குறைப்பதற்கே, அளந்து காட்டுவதற்கன்று.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சிக்கனமாக விருந்திடும் இத்திறம், குறைந்த கூலிக்கு நியாயம் ஆகாது. “இவர்கள் இருப்பதைக்கொண்டு மகிழ்ச்சியாகத்தானே இருக்கின்றார்கள்” என்று சொல்வார்க்கு இக்கட்டுரை துணைபோகாது. குளிரிலே பறித்த கொழுந்தின் மணத்துக்கு உலகம் தரும் விலையில் உரிய பங்கு பறித்தவளுக்கும் வந்துசேர வேண்டும். பத்தடிக் காம்பராவுக்குப் பதிலாகக் காணியும் வீடும் அவளுக்கு உரிமையாக வேண்டும். அக்கோரிக்கைகளை எழுப்புவதற்கும் கூடியிருக்கும் குடும்பமே வலிமை தருவது. கடனாலும் கூச்சத்தாலும் சிதறிய குடும்பத்துக்குத் தன் குரலை எழுப்பவும் தெம்பு இராது.

முற்கூறிய மாணவன் அடுத்த ஆண்டுத் தைப்பொங்கலுக்கு வந்தான். அவன் மாமன் முன்னதாகவே தொலைபேசியிற் சொல்லியிருந்தார்: “இந்த வருசம் ஒரே பானதான். ஒம் பங்கு சக்கர. வேற ஒண்ணும் வேணாம்.” விடியற்காலைப் பேருந்தில் வந்திறங்கியவனின் கையிலே ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. மாலையில் நான் அவ்வழியே சென்றபோது முற்றத்து அடுப்பிலே மிலாற்று அனல் இன்னும் சிவந்திருந்தது. அவன் இரு கைகளையும் அதன்மேல் நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். அவன் தாயார் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.