புது கெர்னல், கறுப்புத் திரை: ஃபார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. புதுசா கம்பைல் பண்ணின கெர்னலோட லேப் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினோம். நாலு வரி ஓடிச்சு, அப்புறம் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு கர்சர் மட்டும் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு.

"மச்சி, ஃபார்மட் அடிச்சிடலாம்"னு டீம்மேட் பென்டிரைவை எடுத்துட்டான். நான் அவனைத் தடுத்ததுக்கு ஒரே காரணம்தான். மூணு வாரம் உட்கார்ந்து லேபிள் போட்ட படங்கள் முழுக்க அந்த டிஸ்க்கில் இருந்துச்சு. பேக்கப் எடுக்கல.

கடைசியில் ஃபார்மட் பண்ணாமலே டிரைவரை மீட்டுட்டோம். அதை எப்படிப் பண்ணினோம், ஏன் அப்படி ஆச்சுன்னு ஜூனியர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கமாண்டுகளை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கேன். டைப் பண்ணும்போது ஆங்கிலத்துக்கு மாத்திக்கோங்க.

முதல் வேலை: பழைய கெர்னலுக்குத் திரும்புங்க

புது கெர்னலை இன்ஸ்டால் பண்ணினா பழையது அழியாது. ரெண்டும் பூட் ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்தி க்ரப் மெனுவைக் கொண்டு வாங்க. அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போனா பழைய கெர்னல் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்துடும். எங்களுக்கும் வந்துச்சு. முதலில் படங்களை பென்டிரைவில் காப்பி பண்ணினோம், அப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. கம்பைல் பண்ணும்போது கான்ஃபிக்கில் லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் உங்களுக்கென்று ஒரு பெயர் கொடுங்க. அதே வெர்ஷன், அதே பெயர் என்றால் புது மாட்யூல்கள் பழைய ஃபோல்டர் மேலேயே போய் உட்காரும். திரும்பிப் போக இடம் இருக்காது.

டிரைவர் எங்கே போச்சு?

எங்க பிரச்சினை என்விடியா கார்டு. அந்த டிரைவர் உண்மையில் ரெண்டு பாகம். ஒன்று, கெர்னலுக்குள் ஏறி கார்டோடு நேரடியாகப் பேசும் மாட்யூல். இன்னொன்று, வெளியே இருக்கும் லைப்ரரிகள். குடா, ஓப்பன்ஜிஎல் எல்லாம் இந்த ரெண்டாவது பாகம். கெர்னலை மாத்தினா லைப்ரரிகளுக்கு ஒன்றும் ஆகாது. மாட்யூல் மட்டும் செல்லாமல் போகும்.

ஏன் என்றால், லினக்ஸ் ரெண்டு விதமான வாக்குறுதி வெச்சிருக்கு. வெளியே ஓடும் புரோகிராம்களை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பக் கண்டிப்பு. அதனால் பிரவுசரும் பைத்தானும் எந்தக் கெர்னலிலும் ஓடும். ஆனால் கெர்னலின் உள் அமைப்புக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு ஃபங்ஷனின் பெயரோ ஸ்ட்ரக்சரின் அமைப்போ அடுத்த வெர்ஷனில் மாறலாம். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை மாத்துகிறவரே கூடவே திருத்திடுவார். வெளியே இருக்கும் டிரைவரை யார் திருத்துவது? அதை எழுதினவங்கதான்.

இந்தப் பழைய சண்டையில்தான் 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாடியே என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினார். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் சோர்ஸை வெளியிட்டது. ஆனாலும் லைப்ரரி பாகம் இன்னும் மூடித்தான் இருக்கு. மாட்யூலும் கெர்னலோட சேர்ந்து வருவதில்லை.

அதனால் ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தனியா கம்பைல் பண்ணணும். இதைத் தானாகச் செய்வதுதான் டிகேஎம்எஸ். டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கினது. புது கெர்னல் வந்தா டிரைவர் சோர்ஸை எடுத்து, அந்தக் கெர்னலின் ஹெடர் ஃபைல்களோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். உபுண்டு அனுப்புகிற கெர்னலுக்கு இது சத்தமில்லாமல் நடந்துடும். நாமே கட்டின கெர்னலில்தான் சிக்கல்.

அப்படின்னா கறுப்புத் திரை ஏன்? என்விடியா கார்டுக்கு நூவோ என்ற திறந்த டிரைவரும் உண்டு. ஒரே கார்டை ரெண்டு பேர் பிடிக்கக் கூடாது என்று, என்விடியா டிரைவரை இன்ஸ்டால் பண்ணும்போதே நூவோவைத் தடைப் பட்டியலில் போட்டுடுவாங்க. புது கெர்னலில் என்விடியா மாட்யூல் இல்லை, நூவோவுக்கோ அனுமதி இல்லை. கார்டை எடுத்து நடத்த ஆளே இல்லை. இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் திரை வந்துடலாம். குடா ஓட்டும்போதுதான் கார்டு காணோம் என்று தெரியும்.

எந்த வரிசையில் தேடுவது

திரை கறுப்பா இருந்தாலும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்தினா எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் பண்ணி, ஒவ்வொரு படியா இறங்குங்க.

ஒன்று: 'யூநேம் -ஆர்' கொடுத்து எந்தக் கெர்னலில் இருக்கோம் என்று பாருங்க. சிரிக்காதீங்க, பழைய கெர்னலில் உட்கார்ந்துக்கிட்டு புதுசைத் திட்டினவங்க இருக்காங்க.

இரண்டு: 'மோட்இன்ஃபோ என்விடியா'. மாட்யூல் கிடைக்கலை என்றால் அது கம்பைலே ஆகலை. விவரம் வந்தால் மாட்யூல் இருக்கு, ஆனா ஏறவில்லை. ரெண்டும் வேற வேற நோய்.

மூன்று, கம்பைல் ஆகாத கேஸ்: 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்க. ஹெடர் கிடைக்கலை என்று சொன்னால், லிப் ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ், அதற்குள் உங்க கெர்னல் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறங்க. அங்கே பில்ட் என்று ஒரு சிம்பாலிக் லிங்க் இருக்கும். அது காட்டும் இடம் நிஜமாவே இருக்கா என்று பாருங்க. ஹெடர் இருந்தும் உடைஞ்சா டிகேஎம்எஸ் ஃபோல்டரில் 'மேக்.லாக்' என்ற ஃபைல் இருக்கும். கடைசி வரியை விட்டுட்டு, 'எரர்' என்ற சொல் முதன்முதலா வரும் வரியைத் தேடுங்க. மிச்சமெல்லாம் அதன் எதிரொலிதான். ஃபங்ஷன் பெயர் தெரியலை என்ற மாதிரி எரர் என்றால் டிரைவர் பழசு, கெர்னல் புதுசு. தெரியாத கம்பைலர் ஆப்ஷன் என்றால், கெர்னலைக் கட்டின ஜிசிசி வேற, இப்ப ஓடும் ஜிசிசி வேற. ப்ராக் ஃபோல்டரில் உள்ள வெர்ஷன் ஃபைல் எந்த ஜிசிசி என்று சொல்லிடும்.

நான்கு, ஏறாத கேஸ்: 'மோட்ப்ரோப் என்விடியா' கொடுத்துட்டு 'டிமெஸ்க்' பாருங்க. ஃபார்மட் சரியில்லை என்று வந்தால், மாட்யூலின் வெர்மேஜிக் என்ற முத்திரை கெர்னலோடு ஒத்துப் போகலை. அதில் வெர்ஷன் மட்டுமில்லை, ப்ரீஎம்ஷன் வகையும் இருக்கும். சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்தால் செக்யூர் பூட் சமாச்சாரம், மாட்யூலில் கையெழுத்து இல்லை. நூவோ ஏற்கெனவே கார்டைப் பிடிச்சிருந்தா, தடைப் பட்டியலில் அதைச் சேர்த்துட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்கணும். இந்த ரெண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க.

ஐந்து: மாட்யூல் ஏறிடுச்சு, ஆனா 'என்விடியா-எஸ்எம்ஐ' வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று சொல்லுதா? மாட்யூல் ஒரு வெர்ஷன், லைப்ரரி வேற வெர்ஷன். டிரைவரை அப்டேட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணாமல் விட்டாலும் இதேதான் வரும்.

எங்களுக்கு என்ன ஆச்சு

எங்க ப்ராஜெக்ட் ஒரு ரோபோ கை. கேமராவில் பொருளை அடையாளம் காண குடா வேணும். மோட்டார் கன்ட்ரோல் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தவறாமல் ஓடணும். அதுக்காகத்தான் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி போட்டுக் கெர்னலைக் கட்டினோம். பல வருஷம் தனி பேட்ச்சா இருந்த இது 2024 நவம்பரில் வந்த 6.12 வெர்ஷனில் மெயின் கெர்னலுக்குள் சேர்ந்தது.

மூணாவது படியிலேயே முதல் தப்பு மாட்டிக்கிச்சு. பில்ட் லிங்க் காட்டின ஃபோல்டரே இல்லை. டிஸ்க்கில் இடம் இல்லை என்று, கம்பைல் முடிஞ்சதும் சோர்ஸ் ஃபோல்டரை நாங்களே டெலீட் பண்ணியிருந்தோம். பூட் ஃபோல்டரில் கான்ஃபிக் ஃபைல் பத்திரமா இருந்ததால் அதை வெச்சு மறுபடி கட்டினோம். இந்தத் தடவை 'மேக் பின்டெப்-பிகேஜி'. இது கெர்னலையும் ஹெடர்களையும் தனித்தனி டெப் பேக்கேஜா கொடுக்கும். ஹெடர் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டா சோர்ஸ் ஃபோல்டர் இருந்தாலும் போனாலும் கவலை இல்லை.

திரும்ப டிகேஎம்எஸ் ஓட்டினோம், திரும்பவும் ஃபெயில். லாக்கைத் திறந்தால் தெளிவான இங்கிலீஷில் எழுதியிருக்கு: இது ரியல்-டைம் கெர்னல், இந்த டிரைவர் இதை ஆதரிக்காது. டிரைவரே வேணும்னே நிறுத்தியிருக்கு. 'இக்னோர் ப்ரீஎம்ப்ட் ஆர்டி ப்ரெசன்ஸ்' என்ற வேரியபிளை 1 என்று வெச்சா இந்தச் சோதனையைத் தாண்டலாம். அதை சூடோவுக்கு முன்னாடி போட்டா சூடோ அதைக் கழற்றி விட்டுடும், பின்னாடி போடணும். போட்டோம், கம்பைல் ஆச்சு. ஞாயிறு விடியற்காலை டெஸ்க்டாப் வந்துச்சு.

அப்புறம் டெர்மினலில் மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தப்பதான் ஒன்று உறைச்சுது. அந்தத் திரையில் தெரிஞ்ச ஃபெயில் செய்தி, வெள்ளிக்கிழமை கெர்னலை இன்ஸ்டால் பண்ணும்போதே ஓடியிருக்கணும். நாங்க டீ குடிக்கப் போயிருந்தோம்.

ஜெயிச்ச பிறகு கேட்ட கேள்வி

டிரைவர் வந்துடுச்சு என்று அதோட விட்டிருந்தா தப்பாயிருக்கும். ஆதரவு இல்லை என்று சொன்ன இடத்தில் நாம பலவந்தமா நுழைஞ்சிருக்கோம். அதனால் குடா வேலை ஓடும்போதே சைக்ளிக்டெஸ்ட்டையும் ஓட்டினோம். எவ்வளவு தாமதம் ஆகுது என்று அளக்கும் டூல் அது. சராசரி நல்லா இருந்துச்சு. ஆனா அதிகபட்சம் அப்பப்ப ஒரு மில்லிசெகண்டையே தாண்டிச்சு. ரியல்-டைமில் சராசரிக்கு மதிப்பு இல்லை. ஒரே ஒரு தடவை தாமதமானாலும் கை மேசையில் மோதும், பக்கத்தில் நம்ம விரல் இருக்கலாம்.

ரிவ்யூவில் அந்த அளவுகளை அப்படியே காட்டினோம். மோட்டார் கன்ட்ரோலை ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கு மாத்திடறோம், கம்ப்யூட்டரில் சாதாரண கெர்னலே போதும் என்று சொன்னோம். "இதை முதல் மாசமே யோசிச்சிருக்கலாமே?"னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான்.

கெர்னல் கட்டப் போறவங்களுக்கு நாலு வரி. பேக்கப் எடுங்க. லோக்கல்வெர்ஷன் பெயர் கொடுங்க. ஹெடரைப் பேக்கேஜா போடுங்க. ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, புது கெர்னலுக்கு டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கா என்று 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்'ல பாருங்க. இதுக்கு மேலயும் கறுப்புத் திரை வந்தா, பென்டிரைவைத் தேடறதுக்கு முன்னாடி லாக்கைத் தேடுங்க. பெரும்பாலும் பதில் அங்கேயே எழுதியிருக்கும்.