வார்லைட் (நாவல்)

வார்லைட் (2018) மைக்கேல் ஒண்டாச்சி ஆங்கிலத்தில் எழுதிய நாவல். இரண்டாம் உலகப்போர் முடிந்த லண்டனில் பெற்றோர் விட்டுச்சென்ற ஒரு சிறுவன், வளர்ந்தபின் தன் தாய் யாராக இருந்தாள் என்று தேடுவதைச் சொல்கிறது. மான் புக்கர் பரிசின் 2018-ஆம் ஆண்டு நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

ஆசிரியர்

ஒண்டாச்சி 1943-ல் கொழும்பில் பிறந்தவர். டச்சு, சிங்கள, தமிழ் வேர்கள் கலந்த குடும்பம். பெற்றோர் பிரிந்தபின் தாய் இங்கிலாந்து சென்றார். 1954-ல் தன் 11-ஆம் வயதில் கப்பலேறி அவரிடம் போய்ச் சேர்ந்த ஒண்டாச்சி, 1962 முதல் கனடாவில் வாழ்கிறார். தந்தையின் சுவடுகளைத் தேடி இலங்கை திரும்பிய அனுபவத்தை ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ (1982) நூலாக்கினார். பெற்றோரைத் தேடும் பிள்ளை அவர் எழுத்துக்குப் புதியவன் அல்ல.

கதை

1945-ல் நதானியேலுக்கு வயது 14. தந்தைக்குச் சிங்கப்பூரில் வேலை, தாய் ரோஸும் பின்னர் அங்கே செல்வாள் என்று அவனிடமும் அக்கா ரேச்சலிடமும் சொல்லப்படுகிறது. தாய் பெட்டி அடுக்குவதைப் பிள்ளைகள் அருகிருந்து பார்க்கிறார்கள். அவள் போனபின் ஒருநாள் அதே பெட்டி வீட்டின் நிலவறையில் கிடக்கிறது. அவள் சிங்கப்பூர் போகவில்லை. நாவலின் மர்மம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ‘அந்துப்பூச்சி’ என்று அவர்கள் பெயரிட்ட குடியிருப்பாளர். அவருடைய நண்பர் டார்ட்டர், பந்தய நாய்களைப் படகில் கடத்துபவர்.

இரண்டாம் பகுதியில் நதானியேல் 28 வயது இளைஞன். அரசின் உளவு ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிக்கொண்டே தாயைக் கோப்புகளில் தேடுகிறான். ‘வயோலா’ என்ற சங்கேதப் பெயரில் அவள் உளவுப்பணி செய்தவள். பின்னர் பிள்ளைகளிடம் திரும்பி வந்தாள், கிராமத்து வீட்டில் பழிவாங்கக் கொல்லப்பட்டாள். அதுவரை அவன் அவளோடு வாழ்ந்திருக்கிறான், ஆனால் அவள் எதையும் சொன்னதில்லை. தந்தையைப் பற்றி நாவல் ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை, அவரைத் தேட யாருக்கும் தோன்றுவதுமில்லை.

மதிப்பீடு

போர்க்கால இருட்டடிப்பில் தேம்ஸ் பாலங்களில் படகுகளுக்காக எரிந்த மங்கலான விளக்குகளிலிருந்து தலைப்பு வருகிறது. நாவலின் சொல்முறையும் அத்தகையதே. அரசு தனக்கு இடையூறான ஆவணங்களைப் போருக்குப்பின் அழித்துவிட்டது. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு, தான் பிறப்பதற்கு முந்தைய தாயின் இளமைக் காட்சிகளையும் நதானியேல் நேரில் கண்டவன்போல விவரிக்கிறான். எது கோப்பில் இருந்தது, எது அவன் ஏக்கம் என்று வாசகரால் பிரிக்க முடியாது. துப்பறியும் கதையின் விறுவிறுப்பை எதிர்பார்ப்பவருக்கு இது தொய்வாகத் தோன்றலாம். ஆனால் நாவலின் பலம் இந்த நிச்சயமின்மைதான். ரேச்சல் தேடுவதில்லை, தாயை மன்னிப்பதுமில்லை. அவளுடைய கோபத்துக்கு நாவல் இன்னும் இடம் தந்திருக்கலாம்.

தேடலின் முடிவில் நதானியேல் டார்ட்டரின் வீட்டுக்குச் செல்கிறான். டார்ட்டரின் மனைவி வீட்டில் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பூத்தையலில் உள்ள சொற்களைக் கொண்டு, அவள் தான் முன்பு காதலித்துப் பிரிந்த ஆக்னஸ் என்று அறிகிறான். அவர்கள் வளர்க்கும் பெண்குழந்தை தன்னுடையது என்றும் அவனுக்குப் புரிகிறது. டார்ட்டரிடம் எதுவும் கேட்காமல் விடைபெறுகிறான்.