குகை வௌவாலின் கதையை யார் சொல்வது?

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர் பலர், கோவில் குகையை அடைவதற்கு முன்பே பக்கவாட்டில் இன்னொரு குகைக்கு வழி பிரிவதைக் கவனிப்பதில்லை. அது இருட்குகை. வௌவால்களின் வீடு அது. அங்கு வாழும் வகைகளுள் ஒன்று குகைத் தேன் வௌவால். கைக்குள் அடங்கிவிடும் இச்சிறு உயிரினம் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதில்லை. பூந்தேனும் மகரந்தமுமே அதன் உணவு. அதற்கேற்ப அதன் நாக்கு நீண்டிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் குகையை விட்டு வெளியேறி, உணவு தேடி 30 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு பறக்கக்கூடியது.

இந்த வௌவால்கள் எங்கே போகின்றன என்பதை ஆய்வாளர்கள் 1970களில் கண்டறிந்த முறை சுவையானது. அவர்கள் வௌவால்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. குகைத் தரையில் விழுந்த எச்சத்தைச் சேகரித்து, அதில் செரிக்காமல் எஞ்சியிருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தனர். ஒவ்வொரு தாவரத்தின் மகரந்தத் துகளுக்கும் தனி வடிவம் உண்டு. ஆகவே, எச்சமே பயணக் குறிப்பேடாக அமைந்தது. அந்தக் குறிப்பேட்டில் இருந்த பெயர்களுள் நமக்கு மிகவும் வேண்டிய ஒன்று டுரியான்.

டுரியான் பூவைப் பகலில் பார்த்தவர்கள் குறைவு. காரணம், அது இரவுக்கான பூ. மாலையில்தான் விரிகிறது. இருட்டிய பிறகே மகரந்தம் வெளிப்படுகிறது. விடிவதற்குள் இதழ்களும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிடுகின்றன. பூக்கள் நுனிக்கிளைகளில் அல்லாமல் பருத்த கிளைகளிலேயே கொத்துக் கொத்தாகத் தொங்குவதால், பறந்து வரும் வௌவாலுக்கு எளிதில் எட்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சோபாட்மோ தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து டுரியானின் இனப்பெருக்கத்தைப் பற்றி 1976இல் விரிவாக எழுதினார். ஒரு மரத்தின் பூ வேறொரு மரத்தின் மகரந்தத்தைப் பெறும்போது காய் நன்றாகப் பிடிக்கிறது. அந்த மகரந்தத்தை இருட்டில் சுமந்து செல்லும் கூலியாள்தான் தேன் வௌவால்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. பூக்காத மாதங்களில் வௌவால் எதை உண்ணும்? சிலாங்கூர்க் கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் வளரும் பெரெம்பாங், பெரெபாட் போன்ற மரங்களின் பூக்கள் அதற்குக் கைகொடுக்கின்றன. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி மின்னும் பெரெம்பாங் மரம் இதுவே. ஆகவே, கடலோரத்தில் மரம் வெட்டப்பட்டாலும், பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குன்றில் வெடி வைக்கப்பட்டாலும், அதன் விளைவு எங்கோ உள்ள டுரியான் தோட்டம்வரை சென்று சேரும்.

இவையெல்லாம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அறியப்பட்ட செய்திகள். ஆயினும், வௌவால் என்றதும் பழத்தைக் கெடுக்கும் பிராணி, நோய் பரப்பும் பிராணி என்ற எண்ணமே பலருக்கும் முதலில் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில், ஆய்வாளர்கள் படிக்கும் இதழ்களில் வெளிவருகின்றன. தோட்டக்காரரோ, பழம் வாங்கும் குடும்பமோ அவற்றைப் படிக்கப்போவதில்லை. கண்டறிந்த செய்தியை யாராவது அங்கிருந்து எடுத்து வந்து அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். இந்த வேலையைத்தான் அறிவியல் பரப்புரை என்கிறோம். இதை நன்றாகச் செய்யக்கூடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு பேராசிரியருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பழகிப்போன செய்தி, மாணவருக்கு நேற்றுத்தான் வியப்பூட்டியிருக்கும். எந்த இடத்தில் தமக்குப் புரியாமல் போனது என்பதும் அவருக்கு நினைவிருக்கும். அத்துடன், விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அவர் பாட்டியிடம் தமிழிலும், பக்கத்து வீட்டுப் பாக்சிக்கிடம் மலாயிலும் பேசுகிறார்.

தியோமான் தீவில் நடந்த ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். மலேசிய ஆய்வாளர் ஷீமா அப்துல் அசிஸ் தம் முனைவர் பட்ட ஆய்வின்போது, டுரியான் மரக்கிளைகளில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார். மலாய் மொழியில் கெலுவாங் எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் பூக்களை நாசம் செய்கின்றன என்றே பொதுவாக நம்பப்பட்டது. ஆனால், கேமரா காட்டியது வேறு. அவை பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் நக்கிச் சென்றன. அவை வந்துபோன பூக்கள் காய்த்தன. இம்முடிவு 2017இல் வெளியானது. தோட்டக்காரரிடம் ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட, அந்தப் படப்பதிவை அரை நிமிடம் காட்டுவது பயன் தரும்.

இனி பெட்டாலிங் ஜெயாவுக்கு வருவோம். இந்நகரையும் கோலாலம்பூரையும் ஒட்டி அமைந்திருக்கிறது மலாயாப் பல்கலைக்கழக வளாகம். அதற்குள் 1974இல் தொடங்கப்பட்ட ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா இருக்கிறது. அப்பெயருக்கு அறிவுக் காடு என்று பொருள். ஏறக்குறைய 80 ஹெக்டர் பரப்புள்ள அந்நிலம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். பூங்கா என்றதும் வண்ணப் பூச்செடி வரிசைகளை எதிர்பார்த்து வருபவர் சற்று ஏமாறக்கூடும். அங்கே காட்டின் அமைப்பிலேயே மரங்களும் பனை வகைகளும் பெரணிகளும் மூலிகைகளும் வளர்க்கப்படுகின்றன. தாவரவியல், சூழலியல் மாணவர்களுக்கு அது வகுப்பறை. வருகையாளருடன் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கும்போது அதே மாணவர் வழிகாட்டி ஆகிவிடுகிறார்.

நல்ல இயற்கை நடை ஒன்று எப்படி இருக்கும்? பெரும்பாலும் அது மிக மெதுவாக நடக்கும். ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு மீட்டர்கூடக் கடக்காமல் போகலாம். அனுபவமுள்ள மாணவர் அரிய விலங்கைத் தேடி ஓடமாட்டார். எல்லாரும் தினமும் பார்த்துச் சலித்த ஒன்றிலிருந்து தொடங்குவார். காகம் அதற்குப் பொருத்தமானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று எங்கும் கரையும் வீட்டுக்காகம் இம்மண்ணுக்கு உரியதன்று. 1890களில் காப்பித் தோட்டங்களைத் தாக்கிய கம்பளிப்பூச்சிகளைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகம் தங்கிவிட்டது. அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் அது பெருகிய இடங்களில் பெருகியது. விடியற்காலையில் பெட்டாலிங் ஜெயாவின் அடுக்குமாடி வீடுகளில் தூக்கத்தைக் கலைக்கும் குயிலோசைக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய காப்பித் தோட்டத்திற்கும் தொடர்பு இருக்கிறது என்றால், எந்தப் படிவம் ஒன்று மாணவரும் நின்று கேட்பார்.

அடுத்து மாணவர்கள் கையில் எடுப்பது விலை மலிவான கருவிகளையே. உதிர்ந்த இலைக்குவியலை ஒரு சல்லடையில் போட்டு வெள்ளைத் தட்டின் மேல் அசைத்தால் மரவட்டை, சிலந்தி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத துள்ளும் பூச்சிகள் எல்லாம் கீழே விழும். இரவு நிகழ்ச்சி என்றால் ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் போதும். அந்துப்பூச்சிகள் வந்து அமரும். அவை விளக்கை ஏன் சுற்றுகின்றன என்று சிறுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தந்திருக்கிறது. பூச்சிகள் பறக்கும்போது வெளிச்சம் இருக்கும் பக்கம் தம் முதுகைத் திருப்புகின்றன. இயற்கையில் இரவு வானம் தரையைவிட வெளிச்சமானது என்பதால், மேல் எது, கீழ் எது என்பதை அறிய இப்பழக்கம் உதவுகிறது. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் அதே பழக்கம் அவற்றை விளக்கையே சுற்றிச் சுற்றி வர வைக்கிறது. தெருவிளக்குகளால் நிறைந்த நகரில் பூச்சிகள் படும் பாட்டை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பேசுவது மாணவர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வருகையாளர்களிடையே தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தால், நடையின் போக்கே மாறிவிடும். பாதையோரத்தில் வளரும் கீழாநெல்லியை அவர் உடனே அடையாளம் காண்பார். மாணவர் அதைப் பாடநூலில் மலாய்ப் பெயரால் டூக்கோங் அனாக் என்று அறிந்திருப்பார். குழந்தையைச் சுமத்தல் என்பது அப்பெயரின் பொருள். இலைக்காம்பின் அடியில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து, தமிழர் கீழ் நெல்லி என்றனர். மலாய்க்காரர் முதுகில் பிள்ளையைச் சுமக்கும் செடி என்றனர். இரு மொழியினரும் ஒரே செடியைத் திருப்பிப் பார்த்து, ஒரே இடத்தைக் கவனித்திருக்கிறார்கள். இலத்தீன் பெயரோடு இவ்விரு பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் மாணவரே கெட்டிக்காரர்.

நடை முடிந்ததும் பார்த்தவை மறந்துபோகாமல் இருக்கப் பதிவு தேவை. இதற்கு இன்று பெரிதும் பயன்படும் ஐநேச்சுரலிஸ்ட் என்னும் தளமே மாணவர்களின் படைப்புதான். அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்ற மூவர் 2008இல் தங்கள் இறுதித் திட்டப்பணியாக அதை உருவாக்கினர். கைப்பேசியில் எடுத்த படத்தை இடம், நாள் ஆகியவற்றுடன் பதிவேற்றினால், அவ்வுயிரினம் எது என்று மற்றவர்கள் சரிபார்த்துச் சொல்வர். ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் உலக நகரங்கள் பங்கேற்கும் நகர இயற்கைச் சவாலும் இதன் வழியாகவே நடக்கிறது. 2016இல் இரண்டு அமெரிக்க நகரங்களின் போட்டியாகத் தொடங்கிய அதில் கிள்ளான் பள்ளத்தாக்கும் பங்கெடுத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அரிய ஆர்க்கிட்டோ, விற்பனைக்காகப் பிடிக்கப்படும் பறவையோ இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடக் கூடாது. திருடர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை முயற்சியும் எதற்காக என்று கேட்பவர் கோத்தா டாமான்சாராவுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள சமூகக் காடு, ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டர் பரந்திருந்த சுங்கை பூலோ வனக்காப்பகத்தின் எச்சம். மற்றவை வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய ஏறக்குறைய 320 ஹெக்டரையும் இழந்துவிடாமல் இருக்க அங்குள்ள குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். 2010இல் அது வனக்காப்பகமாக அரசிதழில் பதிவு செய்யப்பட்டது. ஒரு காட்டில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் வாழ்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் இத்தகைய குரல் எழும். பெயர் தெரியாத மரத்துக்காக யாரும் மனு எழுதுவதில்லை.

மாணவர் இயக்கங்களின் பெரிய பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நிறச் சட்டை, ஒரு பதாகை, ஒரு குழுப்படம் ஆகியவற்றோடு முடிந்துபோகும் நிகழ்ச்சிகள் ஏராளம். மூன்று நான்கு ஆண்டுகளில் மாணவர் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விடுகிறார். அவரோடு ஆர்வமும் வெளியேறுகிறது. இக்குறையை வென்ற ஒரு முன்மாதிரி தமிழ்நாட்டில் உண்டு. சென்னைக் கல்லூரி மாணவர்கள் 1988இல் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். தமிழக மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிறு கடலாமை, ஆண்டின் தொடக்க மாதங்களில் அந்நகரக் கடற்கரையில் முட்டையிட வருகிறது. நாய்களும் மனிதரும் முட்டைகளை எடுத்துவிடுகின்றனர். தப்பிப் பொரித்த குஞ்சுகளோ நகர விளக்கைக் கடலின் ஒளி என்று எண்ணி எதிர்த்திசையில் ஊர்ந்து மடிகின்றன.

அதனால், மாணவர்கள் பருவம் முழுவதும் இரவுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் நடந்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கின்றனர். ஏறக்குறைய ஒன்றரை மாதத்திற்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். குறிப்பிட்ட இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். முதல் ஆண்டில் நடந்த மாணவர்கள் இன்று நரைத்த தலையினர். ஆனாலும், நடை நிற்கவில்லை. ஏனென்றால், ஒவ்வோர் ஆண்டும் மூத்தவர் நடக்கும்போதே புதியவர் அருகில் நடக்கிறார். ஆமையின் தடத்தைக் கண்டு கூட்டைத் தேடுவதும், சிறு குச்சியால் மணலைக் குத்தி முட்டை இருக்கும் இடத்தை அறிவதும் புத்தகத்தில் படித்து வருவதன்று. பல இரவுகள் இன்னொருவரின் கையைப் பார்த்துப் பழக வேண்டியது.

நம் நாட்டில் இதற்கான ஏணியின் முதற்படி பள்ளியிலேயே இருக்கிறது. 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கம், பள்ளிகளில் இயற்கை நேசிப்போர் கழகங்களை நடத்தி வருகிறது. உங்கள் பள்ளியில் அக்கழகம் இருந்தால், புறப்பாட நடவடிக்கை நாளில் அருகிலுள்ள பல்கலைக்கழக மாணவர்களை ஒரு நடைக்கு அழைக்கலாம். அழைக்கும்போது தமிழ் பேசத் தெரிந்த ஒருவரும் வரட்டும் என்று கேளுங்கள். உரை வேண்டாம், நடை போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் வௌவாலைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் ஐந்தை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லலாம். ரிம்பா இல்முவில் பெரியவர் ஒருவர் கீழாநெல்லியைக் காட்டினால், அதை எந்த ஊரில், யாரிடம் கற்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.