எரிந்த பாலத்தை எழுப்பிய சிற்றூர்

பாலத்துக்குக் கூரை போடுவார்களா? போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பார்க் கவுண்டி என்ற விவசாய வட்டாரம் உள்ளது. அங்கே 31 கூரைப் பாலங்கள் இருக்கின்றன. எல்லாம் மரப் பாலங்கள்!

ஏன் கூரை?

பாலத்தில் போகிறவர்கள் நனையாமல் இருக்க என்று நினைக்கத் தோன்றும். அதற்காக அல்ல. பாலம் நனையாமல் இருக்கத்தான் கூரை!

நம் ரயில் பாதைகளில் முன்பு கிடந்த மர சிலீப்பர் கட்டைகளை நினைத்துப் பாருங்கள். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மரம் உளுத்துப் போகும். பாலத்தைத் தாங்கும் உத்தரங்களுக்கும் அதே கதிதான். திறந்து கிடந்தால் பத்து, இருபது ஆண்டுகள். கூரை வேய்ந்து, பக்கங்களில் பலகை அடித்தால் நூறு ஆண்டுகளையும் தாண்டும்.

ஆலையும் பாலமும்

அந்த வட்டாரத்தில் உள்ள சிற்றூர் பிரிட்ஜ்டன். ஓடைக் கரையில் ஒரு மாவு ஆலை. அதன் பக்கத்தில் பாலம். 1868-ல் ஜே.ஜே. டேனியல்ஸ் என்பவர் கட்டியது. நீளம் சுமார் 245 அடி. வில்போல் வளைந்த பெரிய மரங்கள் இருபுறமும் பாரத்தைத் தாங்கும். 1817-ல் தியோடர் பர் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது.

இந்த வட்டாரப் பாலங்களின் வாசலில், "குதிரையை ஓட விடாதே, நடத்திப் போ" என்ற பொருளில் எழுதி வைத்திருப்பார்கள். குதிரைகள் தாளம் தப்பாமல் ஓடினால் மரப் பாலம் அதிரும் அல்லவா!

வைத்தார்கள் தீ

137 ஆண்டுகள் மழைக்கும் பனிக்கும் தாக்குப் பிடித்த அந்தப் பாலம், 2005 ஏப்ரல் 28-ந் தேதி மனிதக் கையால் வைக்கப்பட்ட தீயில் எரிந்து விழுந்தது.

போக்குவரத்துக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் இருந்தது. 'போனது போகட்டும்' என்று ஊரார் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நன்கொடை திரட்டினார்கள். உழைப்பையும் கொடுத்தார்கள். அதே இடத்தில், அதே முறையில், மரத்தாலேயே 2006-ல் புதுப் பாலம் எழுந்து விட்டது!

1957 முதல் அக்டோபர் மாதத்தில் அந்த வட்டாரத்தில் கூரைப் பால விழா நடக்கிறது. இலைகள் சிவக்கும் அந்த நாட்களில் வெளியூர்க் கூட்டம் திரண்டு வரும். விழாவுக்கு வருகிறவர்கள் பிரிட்ஜ்டனில் பாலத்தின் மீது நடக்கிறார்கள்.

மரம் புதிது. ஆனால் ஊர் பழையது. பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்களும் திரும்பி வந்து, "இதுதான் எங்கள் ஊர்" என்று காட்ட அங்கே ஓர் அடையாளம் நிற்கிறது. வெளியூரில் வாழும் நமக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.