கிந்தனார்: சிரிப்பில் விளைந்த பள்ளிப் பாடம்

நகைச்சுவைப் படத்தில் வரும் பாட்டுகள் கதைக்கு நடுவே இளைப்பாறுவதற்கு மட்டுமே என்று எண்ணுவோர் பலர். பாட்டே கதையாகவும், கதையே சமுதாயத்திற்கு ஒரு கேள்வியாகவும் அமைவதுண்டு. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் அதற்குத் தக்க சான்றாகும்.

அறிஞர் அண்ணா கதை, உரையாடல் எழுதிய அப்படத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர், இசையமைத்தவர் சி. ஆர். சுப்பராமன். கிந்தனார் பாடல்களை இயற்றியவர் உடுமலை நாராயண கவி. பூளவாடியில் 1899இல் பிறந்த அவர், கிராமியக் கலைகளில் ஊறி வளர்ந்தவர். நாகர்கோவிலில் 1908இல் பிறந்த கலைவாணரோ வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்திற்கும், நாடகத்திலிருந்து திரைக்கும் வந்தவர். இவ்விருவரையும் இணைத்தது நாட்டுப்புறக் கலையே எனலாம்.

வில்லுப்பாட்டின் முறையை நேயர்கள் அறிவர். தலைமைப் பாடகர் கதை சொல்வார். பக்கத்திலிருப்பவர் ‘ஆமாம்’ போடுவார். கேட்போர் உள்ளத்தில் எழும் ஐயத்தை அவரே வினாவாகவும் எழுப்புவார். பேச்சு ஓரிடத்தில் நிற்க, பாட்டு அதைக் கைப்பற்றி மேலே செல்லும். கதாகாலட்சேபத்திலும் உரையும் இசையும் இவ்வாறே மாறி மாறி வரும். வில்லடியில் பழகிய கலைவாணருக்கு இது கைவந்த கலையாயிற்று. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே ஓடும். கிந்தனாரோ அவ்வாறு துண்டாக்கிக் கேட்கத் தக்கதன்று. முன்னுள்ள பேச்சு இல்லையேல் பின்வரும் பாட்டில் சிரிப்பில்லை.

பெயரைக் கேட்டவுடனே நந்தனார் நினைவுக்கு வருவார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் தமிழகமெங்கும் பரவியிருந்தன. கே. பி. சுந்தராம்பாள் 1935இலும், தண்டபாணி தேசிகர் 1942இலும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். எனவே, அக்கதையை மக்கள் நன்கறிந்திருந்தனர். அறிந்த கதையை மாற்றிச் சொன்னால்தான் மாற்றம் புலப்படும். பகடியின் இரகசியம் இதுவே.

நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்குப் போக ஏங்குகிறான். நந்தனுக்குத் தடையாக நின்றவர் பண்ணையார். கிந்தனைச் சாதி சொல்லித் துரத்துபவர் பள்ளி ஆசிரியர். நந்தன் தீயில் மூழ்கித் தூயவனாக வேண்டியிருந்தது. கிந்தனோ நகரம் சென்று படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்புகிறான். அன்று விரட்டிய ஆசிரியரே இன்று அவனை வரவேற்று நிற்க வேண்டியதாகிறது.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். எள்ளல் எளியவனை நோக்கியும் பாயலாம், வலியவனை நோக்கியும் பாயலாம். சேரிப் பிள்ளையின் பேச்சையும் உடையையும் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. கிந்தனாரில் எள்ளப்படுபவன் கிந்தன் அல்லன். அவனுக்குக் கல்வியை மறுத்த அறியாமையே. அதனாலேயே அச்சிரிப்பு யாரையும் சிறுமைப்படுத்தவில்லை.

கேரித் தீவு போன்ற தோட்டப்புறங்களில் பணியாற்றும் ஆசிரியர்க்கு இக்கதை வெறும் பொழுதுபோக்கன்று. ‘தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்’ என்ற பேச்சை நானே ஆசிரியர் அறையில் கேட்டதுண்டு. சொன்னவர் கொடியவரல்லர், களைத்தவர். ஆயினும், அச்சொல் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டால், பிரம்பில்லாமலே ஒரு பிள்ளையை வெளியேற்றிவிடும். பால்மரம் வெட்டிய கையும் செம்பனைக் குலை அறுத்த கையும் ஈட்டிய கூலியில் படிக்க வந்த பிள்ளை அது.

பள்ளி விழாக்களில் திரைப்பாட்டுக்கு ஆடுவதோடு நின்றுவிடாமல், ஓராண்டு கிந்தனார் முறையில் ஒரு காலட்சேபம் நடத்திப் பார்க்கலாம். உடுக்கையும் குடமும் இல்லாவிடினும், சால்ரா ஒன்று போதும். கதையைப் பிள்ளைகளே கட்டட்டும். அதில் வரும் ஆசிரியரை அவர்கள் எவ்வாறு காட்டுகிறார்கள் என்பதை நாம் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பது நலம்.